மாமியின் பெயரும் வலது கோடும்

அடையாறில் எங்கள் குடியிருப்பில் ஒரு சின்ன நூலகம் இருக்கு. யார் எந்தப் புத்தகம் எடுத்தார்கள் என்ற பட்டியலை ஒரு பழைய கணினியின் டெர்மினலில் காட்ட நான் ஒரு நிரல் எழுதினேன். "கோமதி" என்ற பெயர் வந்தாலே கட்டத்தின் வலது கோடு கோணிக்கொள்ளும். அந்தப் பெயருக்குரிய மாமி, "ஏம்பா, என் பேருக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்டார். தோண்ட ஆரம்பித்தேன்.

டெர்மினலில் கட்டம் போட உதவும் கர்சஸ் லைப்ரரியை 1980 வாக்கில் பெர்க்லியில் கென் அர்னால்டு எழுதினார். ரோக் என்ற விளையாட்டுதான் அதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. எழுதியது சி மொழியில்தான். ஆனாலும் அதன் பல செயல்கூறுகள் "எந்த வின்டோவில்?" என்றுதான் முதலில் கேட்கும். கிளாஸ் என்ற சொல் இல்லை, எண்ணம் இருக்கு. அர்னால்டு பிறகு ஜேம்ஸ் காஸ்லிங்கோடு சேர்ந்து ஜாவா பற்றிய நூலை எழுதியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

எரிக் நியூட்டன் இதற்கு ஒரு சி++ உறை எழுதினார். 1997-ல் யூர்கன் ஃபைஃபர் அதை மாற்றி எழுதினார். என்கர்சஸோடு இன்றும் வருகிறது. பெரிய தலைவலி மேக்ரோக்கள். 'கிளியர்' என்று ஒரு மேக்ரோ உண்டு. உங்கள் வின்டோ கிளாஸிலும் அதே பெயரில் ஒன்றை வைத்தால், கம்பைலர் பார்க்கும் முன்பே அது முழுத்திரையைத் துடைக்கும் அழைப்பாக மாறிவிடும். ஆகவே மேக்ரோக்களை ஒவ்வொன்றாகப் பிடித்து இன்லைன் செயல்கூறுகளாக்கினார்கள். பொறுமைசாலிகள்!

நானும் அதேபோல் ஒரு வின்டோ கிளாஸ் செய்தேன். கோணல் போகலை. 'கோமதி' நமக்கு 3 எழுத்து, யூனிகோடில் 5 குறியீடு, யூடிஎஃப்-8-ல் 15 பைட். திரையில் எத்தனை கட்டம் என்பது டெர்மினலுக்கு டெர்மினல் மாறும். நான் கிளாஸ் செய்ய வேண்டியது வின்டோவுக்கு இல்லை, எழுத்துக்கு.

நடக்கிற தூரத்தில் இருக்கும் சென்னை ஐஐடியில் பேராசிரியர் கல்யாணகிருஷ்ணன் குழு இந்திய மொழிகளுக்கு உருவாக்கிய எடிட்டரில், ஓர் அசைக்கு 16 பிட்டில் ஒரே குறியீடு. அங்கே 'கோ' ஒன்றேதான், உடையாது. யூனிகோட் வேறு வழியில் போய்விட்டது.

'எழுத்து' என்று ஒரு கிளாஸ் எழுதினேன். க, ஓகாரக் குறி இரண்டும் இனி பிரியாது. எண்ணிக்கை சரியாச்சு, அகலம் சரியாகலை. 'ணௌ' எப்படி ஒரே கட்டத்தில் அடங்கும்? கடைசியில் பெயரை வலது ஓரப் பத்திக்கு மாற்றி, கோட்டையே எடுத்துவிட்டேன்.

மாமி பார்த்துவிட்டு, "கோடு எங்கேப்பா?" என்றார்.