ஐந்தொகை கேட்கும் உரிமை

ஆண்டுக்கு ஒரு நாள் நாடாளுமன்றத்தில் நிதியமைச்சர் எழுகிறார். கோடிகள் பொழிகின்றன. உழவருக்கு இத்தனை கோடி, கல்விக்கு இத்தனை கோடி, ஏழைக்கு இத்தனை கோடி! ஆளுங்கட்சி மேசையைத் தட்டுகிறது. எதிர்க்கட்சி ‘ஏமாற்று’ என்று கூவுகிறது. மறுநாள் ஏடுகள் ‘வரலாறு காணாத ஒதுக்கீடு’ என்று தலைப்பிடுகின்றன. மக்களோ, ஒரு சாரார் வியக்கின்றனர், ஒரு சாரார் வைகின்றனர். எண்ணிப் பார்த்தவர் எத்தனை பேர்?

சாமியாடி சொன்னதை ஆராயாமல் நம்புகிறவனை மூடநம்பிக்கையாளன் என்கிறோம். அமைச்சர் சொன்ன தொகையை ஆராயாமல் நம்புகிறவனும், ஆராயாமலே மறுக்கிறவனும் வேறு எந்த இனம்? பகுத்தறிவு கோயில் வாயிலோடு நின்றுவிடும் பொருளன்று. வரவு செலவுத் திட்டத்தின் வாயிலிலும் அது விழித்திருக்க வேண்டும்.

எப்படி விழித்திருப்பது? அதற்கான பாடத்தைத் தேடிக் கடல் கடந்து போக வேண்டியதில்லை. கடல் கடந்து போனவர்களின் ஊரான செட்டிநாட்டிலேயே அது கிடக்கிறது.

இரங்கூனிலும் மோல்மேனிலும் பினாங்கிலும் நகரத்தார் நடத்திய கடைகளின் முதலாளிகள் பலர் காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் கானாடுகாத்தானிலும் இருந்தனர். கடையை நடத்தியவர் மேலாள். அவருக்குக் கீழே அடுத்தாள். அவருக்கும் கீழே பெட்டியடிப் பையன். மூன்றாண்டுத் தவணைக்குக் கப்பலேறிப் போன மேலாள் எதை அடைத்தான், எதைத் திறந்தான் என்று முதலாளி நேரில் கண்டதில்லை. ஆனால் கணக்கு வந்து சேரும். பேரேடு பேசும். ஐந்தொகை உண்மையை உரைக்கும். ‘கடை நன்றாக நடக்கிறது’ என்ற வாய்ச்சொல்லை எந்த முதலாளியும் கணக்காக ஏற்றதில்லை.

வட்டித் தொழிலின் புகழ் பாட நாம் வரவில்லை. 1930 ஆம் ஆண்டு வாக்கில் பர்மாவில் இருந்த செட்டியார் கடைகள் ஏறத்தாழ 1,650 என்றும், அவற்றின் மூலம் புழங்கிய பணம் சுமார் 75 கோடி ரூபாய் என்றும் அந்நாட்டு வங்கித் தொழில் விசாரணைக் குழு மதிப்பிட்டது. அதே ஆண்டுகளில் நெல் விலை சரிந்தது. பர்மிய உழவன் கடனைக் கட்ட முடியாமல் நிலத்தை இழந்தான். கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்கள் பதின்மூன்றில் 1930 இல் 6 விழுக்காடு நிலமே செட்டியார்களிடம் இருந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அது 25 விழுக்காடாயிற்று. ஏட்டில் சொத்து பெருத்தது. கையில் பணம் இல்லை. 1942 இல் போர் வந்தது. 1948 இல் பர்மிய அரசின் நில நாட்டுடைமைச் சட்டம் வந்தது. ஏட்டிலிருந்த கோடிகள் ஏட்டிலேயே நின்றன. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதைச் செட்டிநாடு தன் வீட்டு வாசலிலேயே கற்றுக்கொண்டது.

மக்களாட்சியில் முதலாளி யார்? வரி கட்டும் மக்கள். அமைச்சர் மேலாள், தவணை ஐந்தாண்டு. முதலாளி ஐந்தொகை கேட்பது மரியாதைக் குறைவாகுமா? கேட்காமலிருப்பதன்றோ மடமை!

இந்த மண்ணிலிருந்தே ஒரு மேலாள் தில்லிக்குச் சென்றார். கானாடுகாத்தானில் பிறந்து, சிவகங்கைத் தொகுதியின் உறுப்பினராக நாடாளுமன்றம் சென்று, பலமுறை நாட்டின் வரவு செலவுத் திட்டத்தைப் படைத்தவர் திரு. ப. சிதம்பரம். நம் பக்கத்து ஊர்க்காரர் என்பதற்காகக் கணக்கில் சலுகை தருவதும் அறமன்று. மாற்றார் என்பதற்காகக் குற்றம் தேடுவதும் அறமன்று. அவர் 2008 ஆம் ஆண்டு பிப்ரவரி 29 அன்று படைத்த திட்டத்தை எடுத்துக்கொள்வோம். கணக்குப் பார்க்கும் கலைக்கு அதைவிட நல்ல பாடநூல் அரிது.

அன்றைய பெரும் அறிவிப்பு உழவர் கடன் தள்ளுபடி. சிறு, குறு உழவர் மூன்று கோடிப் பேருக்கும் பிற உழவர் ஒரு கோடிப் பேருக்குமாக 60,000 கோடி ரூபாய் என்றார் அமைச்சர். சில திங்களில் அத்தொகை 71,680 கோடியாக உயர்த்தப்பட்டது. நாடே கைதட்டியது. ஆனால் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை 2013 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டபோது தெரிந்தது என்ன? தள்ளுபடியும் சலுகையுமாக உண்மையில் சென்று சேர்ந்தது 52,516 கோடி. பெற்றவர்கள் ஏறத்தாழ 4.29 கோடிப் பேர். தலைகளின் எண்ணிக்கை வாக்கை எட்டியது. பணத்தின் அளவு அறிவிப்பை எட்டவில்லை.

பணம் உரியவரைச் சேர்ந்ததா என்பது அடுத்த கேள்வி. தணிக்கையாளர் 90,576 கணக்குகளைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தனர். அவற்றில் 22.32 விழுக்காட்டில் குறைகள் இருந்தன. தகுதியில்லாதவர் பெற்றதும் உண்டு. தள்ளுபடி மறுக்கப்பட்டவர்களின் 9,334 கணக்குகளில் 1,257 கணக்குகள் உண்மையில் தகுதியுடையவை என்பதும் வெளிப்பட்டது. எட்டுப் பேருக்கு ஒருவர்க்கு மேல், உரிமை இருந்தும் வாயிற்படியிலேயே நிறுத்தப்பட்டனர்!

யார் இந்தக் கணக்குக்குள்ளேயே வரவில்லை என்பது மூன்றாவது கேள்வி. தள்ளுபடி, வங்கிக் கடனுக்கும் கூட்டுறவுக் கடனுக்கும்தான். 2003 ஆம் ஆண்டின் தேசிய மாதிரிக் கணக்கெடுப்போ, உழவர் குடும்பங்களின் கடனில் 57.7 விழுக்காடு மட்டுமே இத்தகைய நிறுவனங்களில் வாங்கியது என்றும், 25.7 விழுக்காடு வட்டிக்காரரிடம் வாங்கியது என்றும் காட்டியது. வங்கி வாயிலை மிதிக்கவே இயலாத குத்தகை உழவனுக்கு அந்தப் பெரிய அறிவிப்பில் ஒரு செல்லாக்காசும் இல்லை. வட்டிக்கடையின் வரலாறு அறிந்த செட்டிநாட்டாருக்கு இதை விளக்கிச் சொல்லவும் வேண்டுமோ?

இனி அதே திட்டத்தின் மொத்தக் கணக்கு. எந்த ஒரு திட்டத்துக்கும் மூன்று எண்கள் உண்டு. முதலில் சொல்வது மதிப்பீடு. ஆண்டு முடிவில் திருத்துவது திருத்திய மதிப்பீடு. பின்னர் வருவது உண்மைக் கணக்கு. கைதட்டல் முதலாவதற்கு, உண்மை மூன்றாவதில். 2008-09 இல் நிதிப் பற்றாக்குறை 1,33,287 கோடி, அதாவது நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 விழுக்காடு என்பது மதிப்பீடு. உண்மைக் கணக்கில் அது 3,36,992 கோடி. ஏறத்தாழ 6 விழுக்காடு.

‘உலகப் பொருளாதாரமே சரிந்ததே, அமைச்சர் என்ன செய்வார்?’ என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். 2008 செப்டம்பரில் அமெரிக்க வங்கி சாய்ந்தது உண்மை; வரி வருவாய் குறைந்ததும் உண்மை. ஆனால் கணக்கைப் பாருங்கள். செலவு 7,50,884 கோடியிலிருந்து 8,83,956 கோடியாக ஏறியது. பற்றாக்குறை பெருகியதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, செலவு ஏறியதால் வந்தது. உர மானியம் மட்டும் 30,986 கோடி என்று மதிப்பிடப்பட்டு 76,603 கோடியில் முடிந்தது. ஊழியர் ஊதியத்துக்கென ஆறாவது ஊதியக் குழு 2006 இலேயே அமைக்கப்பட்டு, திட்டம் படைத்த மறு திங்களில் அறிக்கை தந்தது. நெருக்கடி பின்னர் எடுத்த செலவுகளில் ஒரு பகுதியை நியாயப்படுத்தும். வாயிலில் நின்ற செலவை மதிப்பீட்டில் குறைத்துக் காட்டியதை நியாயப்படுத்தாது.

கணக்கில் ஏறாத கடனும் ஒன்று உண்டு. எண்ணெய் நிறுவனங்களுக்கும் உர நிறுவனங்களுக்கும் பணத்துக்குப் பதிலாகக் கடன் பத்திரங்கள் தரப்பட்டன. அந்த ஓராண்டில் மட்டும் அவை 95,000 கோடிக்கு மேல். பற்றாக்குறைக் கணக்கில் அவை இடம்பெறவில்லை. பேரேட்டில் எழுதாமல் துண்டுச் சீட்டில் கடன் வாங்கிய மேலாளை நகரத்தார் முதலாளி மறு தவணைக்கு அனுப்பியிருப்பாரா?

இதே பத்திரங்களை வைத்து எதிர்த்தரப்பு ஆடிய ஆட்டத்தையும் அதே தராசில் நிறுப்போம். 2021 ஆகஸ்டில் அன்றைய நடுவண் நிதியமைச்சர், பழைய எண்ணெய்ப் பத்திரங்களின் சுமை இருப்பதால் பெட்ரோல் வரியைக் குறைக்க இயலவில்லை என்றார். ஏழாண்டுகளில் வட்டியாகக் கட்டியது 70,195 கோடி என்றும் சொன்னார். வகுத்துப் பார்த்தால் ஆண்டுக்குப் பத்தாயிரம் கோடி. முதல் தொகை மீதம் 1.30 இலட்சம் கோடி. ஆனால் 2020-21 என்ற ஒரே ஆண்டில் பெட்ரோல், டீசல் மீது நடுவண் அரசு பெற்ற கலால் வரி ஏறத்தாழ 3.35 இலட்சம் கோடி! வட்டியும் முதலும் முழுதாகத் தீர்ந்தபின்னும் மிச்சம் நிற்கும் வரவு. சுமை உண்மை, அதைக் காட்டிச் சொன்ன காரணம் பொய்க்கால் குதிரை.

பற்றாக்குறை குறைந்தது என்ற செய்தியையும் அப்படியே விழுங்கலாகாது. 2013-14 இல் 4.8 விழுக்காடு என்ற சிவப்புக் கோட்டைத் தாண்டமாட்டேன் என்றார் திரு. சிதம்பரம், திருத்திய மதிப்பீட்டில் 4.6 என்று காட்டினார். எப்படி முடிந்தது? திட்டச் செலவு 5,55,322 கோடியிலிருந்து 4,75,532 கோடியாக வெட்டப்பட்டது. எரிபொருள் மானியத்தில் 35,000 கோடி அடுத்த ஆண்டின் தலையில் வைக்கப்பட்டது. கோடு காப்பாற்றப்பட்டது, கோட்டுக்குக் கீழே இருந்தவர்களின் பங்கு குறைந்தது.

கல்வியின் பெயரால் வாங்கிய வரியின் கதை இன்னும் கொடிது. இடைநிலை, உயர்கல்விக்கென 2007 இல் ஒரு விழுக்காடு தீர்வை போடப்பட்டது. 2016-17 வரை அதில் திரண்டது 83,497 கோடி என்றும், அதற்கெனத் தனி நிதியமே அமைக்கப்படவில்லை என்றும் தணிக்கை அறிக்கை கூறியது. ஆட்சி இடையில் மாறியது, அலட்சியம் மாறவில்லை. தீர்வைப் பணத்தில் மாநிலங்களுக்குப் பங்கும் இல்லை. பள்ளியை நடத்துவது மாநிலம். பள்ளியின் பெயரால் வாங்குவது நடுவண் அரசு!

இதற்கு நேர் எதிரே காரைக்குடியில் ஒரு காட்சி. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் தந்தார். 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் திறக்கப்பட்டது. தந்தது எவ்வளவு, எழுந்தது எது, எந்த நாளில் என்பதை எவரும் சென்று பார்த்துச் சரிபார்க்கலாம். பொதுப்பணம் முழுவதற்கும் வேண்டிய இலக்கணம் இதுவே.

கடைசியாக, ‘வரலாறு காணாத ஒதுக்கீடு’ என்ற மந்திரம். 1947 நவம்பர் 26 அன்று கோவை ஆர். கே. சண்முகம் செட்டியார் படைத்த விடுதலை இந்தியாவின் முதல் திட்டத்தில், ஏழரைத் திங்களுக்கான செலவு 197 கோடி. விலை ஏறுகிறது, மக்கள் தொகை ஏறுகிறது, ஆகவே தொகையும் ஏறும். விலைவாசி எட்டு விழுக்காடு ஏறிய ஆண்டில் ஒதுக்கீடு ஆறு விழுக்காடு ஏறினால், அமைச்சருக்கு அது உயர்வு. பள்ளிப் பிள்ளைக்கு அது வெட்டு.

இளைஞர்களே! அடுத்த திட்டம் வரும் நாளில் வானொலிக்கும் திரைக்கும் முன்னே வாய்பிளந்து நிற்காதீர்கள். கையில் ஒரு தாள் எடுங்கள். சொன்னது எவ்வளவு, செலவானது எவ்வளவு? விலை ஏற்றம் போக மிச்சம் என்ன? தலைக்கு எவ்வளவு? கணக்குக்கு வெளியே கிடக்கும் கடன் எது? யார் பெற்றார், யார் விடுபட்டார்? தணிக்கை என்ன சொன்னது? எதிரியிடம் கேட்கும் இக்கேள்விகளை நமக்கு வேண்டியவரிடமும் கேளுங்கள். கேட்கத் தயங்கினால் அது பகுத்தறிவன்று, பக்தி.

மேலாள் மாறலாம், கடை மக்களுடையது. பேரேட்டைப் பூட்டி வைக்கும் உரிமை எந்த மேலாளுக்கும் இல்லை. திறந்து படிக்கும் கடமை நமக்கு உண்டு.