அவுரித் தொப்பி

இந்தத் தொப்பியின் நீலம் பச்சையாகத்தான் பிறந்தது. அவுரிச் செடியில் நீலம் எங்கும் கண்ணில் படாது. திண்டிவனத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் சாயத்துக்காகவே இதை இன்றும் பயிரிடுகிறார்கள். அறுத்த கட்டுகளைத் தொட்டியில் அடுக்கி, மிதக்காமல் பாரம் வைத்து அழுத்தி, ஓர் இரவு ஊறவிடுவார்கள். காலையில் வடித்த தண்ணீர் மஞ்சள் படிந்த பச்சையாக இருக்கும். ஆட்கள் தொட்டிக்குள் இறங்கி, அதைக் காலால் எற்றி எற்றி நுரை கிளப்புவார்கள். காற்று கலக்கக் கலக்க நீலம் திரண்டு, வண்டலாக அடியில் படியும். அதைக் காய்ச்சி, வடிகட்டி, அழுத்தி, உலர்த்தினால் சாயக்கட்டி.

நீலத்தின் கதை இது. தொப்பியோ அமெரிக்கா பெற்ற பிள்ளை. 1849-ல் நியூயார்க்கின் நிக்கர்பாக்கர் அணியினர் வைக்கோல் தொப்பி போட்டு பேஸ்பால் ஆடினார்கள். 1860 வாக்கில் புரூக்ளின் எக்செல்சியர் அணியின் தலையில் உருண்டை உச்சியும், உச்சியில் பொத்தானும், வெயில் மறைக்க முன்மடலும் வந்துவிட்டன. ஆறு துண்டுத் துணியைக் கூட்டித் தைக்கும் இன்றைய தொப்பி அந்த வழியில் வந்ததுதான்.

இந்தத் தொப்பியில் நீலம் ஏற்றச் சாயக்கட்டியைக் கரைக்க வேண்டும். அது தண்ணீரில் கரையாது. சுண்ணாம்பு, வெல்லம், வேகவைத்த தகரை விதை சேர்த்துச் சாலில் நொதிக்க விட வேண்டும். நொதிக்கும் நுண்ணுயிர்கள் நீலத்தை மறுபடி கரைய வைக்கும். மேலே நீல நுரை கட்டி, உள்ளே நீர் மஞ்சள் பச்சையாகத் தெளியும். சால் பக்குவமா என்பதைச் சாயக்காரர் நுரையைப் பார்த்தும் மோந்தும் சொல்லிவிடுவார்.

புடவையை விரித்து முக்கலாம், தொப்பியை முடியாது. கவிழ்த்து அமிழ்த்தினால் குழிவுக்குள் காற்று சிக்கி, அந்த இடம் திட்டாகிவிடும். அதனால் சாய்த்து உள்ளே விட்டு, குமிழ் வெளியேறும்வரை மெல்ல அழுத்துகிறார்கள். துணி இரண்டு மூன்றாக மடிந்த தையலோரத்துக்குள் சாயம் நுழையக் கூடுதல் நேரம் வேண்டும். மடலுக்குள் அட்டை இருந்தால் ஊறிக் குலைந்துபோகும். பிளாஸ்டிக் தகடு தாங்கும். வெளியே எடுத்த தொப்பி பச்சை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலமாகிறது. ஒரு முக்கலில் வெளிர்நீலம்தான். கருநீலம் வேண்டுமென்றால் முக்குவதும் காற்றாட விடுவதுமாகப் பல தடவை. பருத்தி நூலில் தைத்திருந்தால் நூலும் துணியோடு நீலமாகும். பாலியஸ்டர் நூல் இந்தச் சாயத்தை ஏற்காது. நீலத்தின் மேல் தையல் மட்டும் வெள்ளைக் கோடாக நிற்கும். எனக்கு அந்தக் கோடு பிடிக்கும். தைத்த கை கண்ணுக்குத் தெரிகிறது.

1897-ல் ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனம் செயற்கை நீலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்ததும் அவுரி வயல்கள் சுருங்கின. வேதியியல்படி இரண்டிலும் நீலம் ஒன்றே. அப்புறம் ஏன் இந்தப் பாடு? பதிலை நான் வயலிலும் தொட்டியிலும்தான் தேடுவேன். 1859-ல் வங்காள உழவர்கள் வெள்ளைக்காரத் துரைமார்களுக்கு அவுரி விதைக்க மாட்டோமென்று எழுந்தார்கள். அதுவும் இயற்கை நீலம்தான். ஆகவே ‘இயற்கைச் சாயம்’ என்ற சீட்டு மட்டும் எனக்குப் போதாது. தொட்டியில் இறங்கி நீரை எற்றியவருக்கு நியாயமான கூலி போயிருந்தால்தான் இந்தத் தொப்பிக்குக் கூடுதல் விலை கொடுக்க மனம் ஒப்பும்.

புதிதில் நெற்றியில் நீலம் ஒட்டும், தனியே அலச வேண்டும். நீலம் நூலின் மேற்பரப்பை ஒட்டியே படிவதால் உரசும் இடம் முதலில் வெளுக்கும். தினமும் கழற்றி மாட்டும் தொப்பியில் அது மடலின் முனை, கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் பிடிக்கிற இடம்.