நாரையை வரைந்தவளின் பெயர்

எட்டாம் வகுப்பு படிக்கும்போது ஓவியப் போட்டிக்கு ஒரு நத்தைகுத்தி நாரையை வரைந்து கொண்டுபோனேன். திருப்பத்தூரிலிருந்து மதுரை போகும் சாலைப் பக்கம் இருக்கிறது வேட்டங்குடி. அங்கே கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாயில் அப்பத்தாவோடு போய்ப் பார்த்த பறவை அது. மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும் அதன் அலகை வரையவே இரண்டு நாள் ஆனது. படத்தைப் பார்த்த ஆசிரியர், "பொம்பளப் பிள்ளை பூ, கோலம்னு வரைய வேண்டியதுதானே" என்று சிரித்தார். புலியோடு மல்லுக்கட்டும் மருதுபாண்டியரை வரைந்த பையனுக்குப் பரிசு போனது. அவன் நன்றாகவே வரைந்திருந்தான். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் காட்டு விலங்கு என்றால் ஆண் அதோடு மோத வேண்டும், பெண் அதை உற்றுப் பார்க்க வேண்டியதில்லை என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குள் தங்கிவிட்டது.

எங்கள் ஊருக்கு 1801 மறக்க முடியாத ஆண்டு. அந்த ஆண்டு அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்களைக் கிழக்கிந்தியக் கம்பெனி திருப்பத்தூரில் தூக்கிலிட்டது. அதே ஆண்டு, மூன்று மாதங்களுக்கு முன், சென்னைத் துறையில் ஓர் ஆங்கிலேயப் பெண் வந்து இறங்கினாள். பெயர் எலிசபெத் க்வில்லிம். சென்னை உச்ச நீதிமன்றத்துக்கு நீதிபதியாக வந்த ஹென்றி க்வில்லிமின் மனைவி. உடன் வந்தவள் தங்கை மேரி சைமண்ட்ஸ். பள்ளியிலோ கல்லூரியிலோ யாரும் எனக்கு இந்தப் பெயர்களைச் சொன்னதில்லை.

எலிசபெத் சென்னையில் வாழ்ந்தது ஆறு ஆண்டுகளுக்குச் சற்று அதிகம். அதற்குள் தெலுங்கு படித்தார், செடிகளை ஆராய்ந்தார், தாய்க்கும் இங்கிலாந்தில் இருந்த சகோதரிக்கும் நீண்ட கடிதங்கள் எழுதினார். எல்லாவற்றுக்கும் மேலாகப் பறவைகளை வரைந்தார். அந்தக் காலத்துப் பறவைப் படங்கள் பல, தோலை உரித்துப் பஞ்சடைத்த உடல்களைப் பார்த்து வரையப்பட்டவை. கால்கள் விறைத்திருக்கும், கண்ணில் உயிர் இருக்காது. எலிசபெத்தோ பறவை பிடிப்பவர்கள் உயிரோடு கொண்டுவந்தவற்றைப் பார்த்து வரைந்தார். பெரிய பறவைகளைக்கூட அவற்றின் உண்மையான அளவிலேயே தாளில் கொண்டுவந்தார். இறகின் அடுக்கும் காலின் செதிலும் தனித்தனியாகத் தெரியும்.

1807 டிசம்பரில் அவர் இறந்தார். கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். படங்கள் எதுவும் புத்தகமாக வரவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து, 1827இல், ஆடுபான் என்ற அமெரிக்கர் இதேபோல உண்மையான அளவில் பறவைகளை வரைந்து வெளியிடத் தொடங்கினார். உலகப் புகழ் பெற்றார். அவர் பறவைகளைத் தேடி அலைந்த காலத்தில் ஆசிரியை வேலை பார்த்துக் குடும்பத்தைத் தாங்கியவர் மனைவி லூசி. எலிசபெத்தின் 121 படங்களோ நூறாண்டுக்கும் மேலாக யார் கண்ணிலும் படாமல் கிடந்தன. 1924இல் கண் மருத்துவரும் பறவை ஆர்வலருமான கேசி வுட் அவற்றை லண்டனில் கண்டெடுத்தார். இன்று அவை கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. கூடவே சென்னைக் கடல் மீன்களின் படங்களும் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை மேரி வரைந்தவை என்று கருதப்படுகிறது.

இது ஒதுக்கப்பட்ட ஒரு பெண்ணின் கதை மட்டும்தானா? அப்படி முடித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. எங்கள் ஊரில் தூக்குமரம் நட்ட அதே ஆட்சிதான் எலிசபெத்துக்கு வீடும் வேலைக்காரர்களும் வரைவதற்கான ஓய்வும் கொடுத்தது. சதுப்பிலும் கண்மாயிலும் இறங்கி, இறகு முறியாமல் பறவையைப் பிடித்துவந்த கைகள் உள்ளூர்க்காரர்களுடையவை. எது எந்த நீரில் மேயும், எப்போது கூடு கட்டும் என்ற அறிவும் அவர்களுடையது. படங்களில் அவர்கள் பெயர் இல்லை. இதற்குச் சற்று முன், 1777 முதல், கல்கத்தாவில் மேரி இம்பே என்ற இன்னொரு நீதிபதியின் மனைவி பாட்னா ஓவியர்களைக் கொண்டு பறவைகளையும் விலங்குகளையும் வரையவைத்தார். ஷேக் ஜைனுதீன், பவானி தாஸ், ராம் தாஸ் என்ற அவர்களின் பெயர்கள் படங்களிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. ஆகவே பெயர் எழுதுவது அந்தக் காலத்தில் நடக்காத காரியமல்ல. பெண் என்பதால் மறக்கப்பட்டவளும் மற்றவர்களை மறக்கக்கூடியவளே. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டியிருக்கிறது.

விலங்கை உற்றுப் பார்க்கும் பெண்ணுக்கு இடம் கொடுக்காத நம் மரபு, பெண்ணுக்குப் பாடம் சொல்ல விலங்கைத் தாராளமாகப் பயன்படுத்தியிருக்கிறது. குறுந்தொகையின் 69ஆம் பாடலில் ஆண் குரங்கு இறந்துவிடுகிறது. கைம்மையைத் தாங்க முடியாத மந்தி, தன் குட்டியைச் சுற்றத்திடம் ஒப்படைத்துவிட்டு மலையிலிருந்து பாய்ந்து உயிரை விடுகிறது. காட்டில் எந்த மந்தியும் இப்படிச் செய்வதில்லை. துணை இறந்தபின்னும் அது குட்டியைச் சுமந்துகொண்டு இரை தேடும். பாட்டில் குதித்தது மந்தியல்ல, மனிதர்கள் மனதில் இருந்த பத்தினி. புறநானூற்றின் 86ஆம் பாடலில் காவற்பெண்டு வேறொன்று சொல்கிறாள். மகன் எங்கே என்று கேட்டவளுக்கு, புலி தங்கிவிட்டுப் போன குகை போன்றது என் வயிறு, அவன் போர்க்களத்தில் இருப்பான் என்கிறாள். கம்பீரமான பாட்டுத்தான். ஆனாலும் புலி மகன். தாய்க்குக் கிடைப்பது வெறும் குகை.

திரைப்படத்திலும் இந்தப் பாடம் தொடர்ந்தது. சாண்டோ சின்னப்பா தேவர் விலங்குகளை வைத்துப் படமெடுப்பதில் பேர்பெற்றவர். 1971இல் இந்தியில் 'ஹாத்தி மேரே சாத்தி', அடுத்த ஆண்டு எம்.ஜி.ஆர் நடிக்கத் தமிழில் 'நல்ல நேரம்'. யானைகளால் தன் குழந்தைக்கு ஆபத்து வரும் என்று மனைவி அஞ்சுகிறாள். ஒரு தாய்க்கு இது இயல்பான பயம். கதை அவளைத் தவறு செய்தவளாக நிறுத்துகிறது. வாயில்லா யானையின் விசுவாசம், வாயுள்ள மனைவிக்குப் பாடமாகிறது. சிறுவயதில் டூரிங் கொட்டகையில் இந்தப் படத்தைப் பார்த்து அழுததாக என் அம்மா சொல்வார். யானைக்காக அழுதேன் என்பார். அந்த மனைவியை நினைத்து அழுதவர்கள் யாராவது இருந்தார்களா என்று கேட்டேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அவளுக்கு யாரு அழுவா?" என்றார்.

இவ்வளவையும் படித்த பிறகு மறுபடி வேட்டங்குடிக்குப் போனேன். 1977இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம். மழைக்குப் பின் நத்தைகுத்தி நாரை, சாம்பல் நாரை, வெள்ளை அரிவாள் மூக்கன், கரண்டிவாயன் எல்லாம் வந்து கூடுகின்றன. கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. ஆண்டுதோறும் இது செய்தியாகிறது. 'கிராம மக்கள்' என்று ஒரே சொல்லில் எழுதிவிடுகிறார்கள். பக்கத்து ஊரில் சரவெடிச் சத்தம் கேட்கும்போது, வெடி கேட்டு அழும் பிள்ளையைச் சமாதானப்படுத்துவது யார் வேலை என்று அந்தச் செய்திகள் சொல்வதில்லை. வீட்டில் பிள்ளை வளர்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையுமில்லை.

அப்பத்தா பிறந்தது அந்தப் பக்கத்து ஊர்தான். ஏன் வெடிக்கக் கூடாது என்று நான் கேட்டபோது, "தாய்வீட்டுக்கு வந்திருக்கிற புள்ளத்தாச்சி பக்கத்துல வேட்டுப் போடுவமா?" என்றார். இதுவும் பறவையைப் பெண்ணாக்கும் உவமைதான். ஆனால் மந்திக் கதையைப் போல இது பெண்ணிடம் உயிரைக் கேட்கவில்லை. யானைப் படத்தைப் போல விசுவாசத்தைக் கேட்கவில்லை. சுற்றியிருப்பவர்களைச் சத்தம் போடாமல் இருக்கச் சொல்கிறது, அவ்வளவுதான்.

அப்பத்தா காகிதத்தில் எதையும் வரைந்ததில்லை. மார்கழியில் வாசலில் மயிலும் அன்னமும் போடுவார்; வெயில் ஏறுவதற்குள் கால்பட்டு அழிந்துவிடும். அவர் கோலங்களைத் தேடி எடுக்க எந்தக் கேசி வுட்டும் வரப்போவதில்லை. என்னுடைய அந்த நாரைப் படமும் எங்கோ தொலைந்துவிட்டது. சென்ற தை மாதம் கண்மாய்க் கரையில் உட்கார்ந்து மறுபடி வரைந்தேன். அலகின் இடைவெளி இந்த முறையும் சரியாக வரவில்லை. படத்தின் ஓரத்தில் என் பெயரை எழுதினேன். பக்கத்தில், இந்தப் பறவையை எனக்குக் காட்டியவர் என்று அப்பத்தாவின் பெயரையும் எழுதினேன்.