வெயிலின் வரலாறு - 14: மலையே பாதி இயந்திரம்

சூரியனை ஆராய்ந்த எவர்ஷெட்டைக் கோடைக்கானலில் விட்டுவிட்டு நீலகிரிக்கு வருவோம். சூரியக் காற்றை ஊட்டியில் அளந்த கதையை இந்த வாரம் சொல்வதாக எழுதியிருந்தேன். ஆனால் அதை அளந்த ரேடியோ டெலஸ்கோப் நிற்கும் ஊட்டியின் முத்தோரைக்குள், அதை உருவாக்கிய கோவிந்த் ஸ்வரூப்பைத் தாண்டி நுழைய வழியில்லை.

உத்தரப் பிரதேசத்தின் தாகூர்துவாராவில் 1929-ல் பிறந்தவர். அலகாபாத்தில் எம்.எஸ்சி. முடித்து, டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே இயக்குநர், நம் வத்திராயிருப்பு கே.எஸ்.கிருஷ்ணன். சி.வி.ராமனோடு கூட நின்றவர் என்று ஒரே வரியில் பாடப்புத்தகங்கள் அவரை முடித்துவிடுகின்றன. இது பெரிய அநியாயம். 1952-ல் சிட்னி மாநாட்டுக்குப் போன கிருஷ்ணன், போர்க்கால ரேடார் நிபுணர்கள் வானத்தை ரேடியோ அலையில் படிப்பதைப் பார்த்துவிட்டு வந்தார். மறுவருடமே ஸ்வரூப்பை அங்கே அனுப்பிவைத்தார். இந்திய ரேடியோ வானியலுக்கு விதை போட்டவர் யார் என்று கேட்டால், நான் கிருஷ்ணன் பெயரைத்தான் முதலில் சொல்வேன்.

சிட்னியை ஒட்டிய பாட்ஸ் ஹில்லில், சூரியனைப் பார்ப்பதற்காக ரேடியோ வானியலாளர் கிறிஸ்டியான்சன் வரிசையாக நட்டிருந்த 32 சிறிய டிஷ்கள் இருந்தன. ஒவ்வொன்றும் ஆறடி அகலம். ஸ்வரூப்பும் உடன்போன பார்த்தசாரதியும் அவற்றை வேறு அலைவரிசைக்கு மாற்றி, புள்ளிகளற்ற அமைதியான சூரியனை ஆராய்ந்தார்கள். 1955-ல் அந்த டிஷ்களை ஆஸ்திரேலியர்கள் கழித்துக்கட்டவிருந்தபோது, "எங்களுக்குக் கொடுங்கள்" என்று கேட்டார் இருபத்தாறு வயது இளைஞர். குழுத் தலைவர் பாசி சம்மதித்தார். பிறகு, கப்பல் கூலி யார் தருவது என்று கடிதப் போர் தொடங்கியது. அதில் மாதங்கள் கரைந்தன. ஸ்வரூப் அமெரிக்கா போய்விட்டார். இந்த அத்தியாயத்துக்கு வில்லன் வேண்டுமென்றால், அந்தக் கப்பல் கூலிக் கோப்புதான். ஒரு தேசத்தின் அறிவியலை வருடக்கணக்கில் தள்ளிப்போட ஒரு சில்லறைத் தகராறு போதும்.

டெக்ஸாசில் சூரிய ரேடியோ வெடிப்புகளில் ஒரு புது வகையைக் கண்டார். ஸ்டான்போர்டில் பிரேஸ்வெல்லிடம் முனைவர் பட்டம் பெற்றார். 1961-ல் அவரும் வெளிநாட்டில் இருந்த மூன்று இந்தியர்களும் சேர்ந்து, நாட்டில் ரேடியோ வானியல் குழு ஒன்றை அமைக்கத் தயார் என்று எழுதினார்கள். பம்பாய் டாடா ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநர் ஹோமி பாபா தந்தியிலேயே சம்மதம் சொன்னார். 1963-ல் ஸ்வரூப் அந்த நிலையத்தில் சேர்ந்தார். ஒருவழியாக இந்தியா வந்துசேர்ந்த அதே 32 டிஷ்கள் 1965-ல் கல்யாணில் சூரியனைப் பார்க்கத் தொடங்கின.

ஆனால் அவர் மனம் அதற்குள் நிலாவுக்குப் போய்விட்டது. 1962-ல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் டெலஸ்கோப், 3சி 273 என்ற ரேடியோ மூலத்தை நிலா மறைத்த கணத்தைப் பதிவுசெய்தது. நிலாவின் விளிம்பு எந்த நொடியில் எங்கே இருக்கும் என்பது துல்லியமாகத் தெரிந்த விஷயம். மறைகிற, வெளிப்படுகிற நொடிகளைக் குறித்தால் அந்த மூலத்தின் இடமும் அளவும் கைக்கு வந்துவிடும். இதை நூற்றுக்கணக்கான மூலங்களுக்குச் செய்ய வேண்டுமானால், நிலாவை மணிக்கணக்கில் பின்தொடரும் ராட்சதக் கருவி வேண்டும்.

இங்கேதான் பெரிய டெலஸ்கோப்களின் பெரிய தலைவலி. 76 மீட்டர் ஜோட்ரல் பேங்கும் 64 மீட்டர் பார்க்ஸும் பக்கவாட்டில் ஒன்று, மேல்கீழாக ஒன்று என இரண்டு அச்சுகளில், மாறிக்கொண்டே இருக்கும் வேகத்தில் திரும்ப வேண்டும். அத்தனை டன் இரும்புக்கு நொடிக்கு நொடி கட்டளை தேவை. பார்க்ஸ் டிஷ்ஷின் நடுவில், அதற்கு வழிகாட்டவே பூமியின் அச்சுக்கு இணையாக ஒரு குட்டிக் கருவியை வைத்தார்கள்.

ஸ்வரூப் முழு டெலஸ்கோப்பையுமே பூமியின் அச்சுக்கு இணையாகப் படுக்க வைத்துவிட்டார்!

வேப்பூர் கூட்டுரோட்டைத் தாண்டி, விளக்கு வெளிச்சம் எட்டாத வயல் வரப்பில் நின்று வடக்கே பாருங்கள். துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து பதினொன்றரை டிகிரிக்குப் பக்கத்தில் தாழ்வாக நிற்கும். கையை நீட்டி முஷ்டி பிடித்தால், ஒரு முஷ்டிக்குச் சற்று மேலே. பூமியின் அச்சு நீளும் திசை அதுதான். முத்தோரையும் ஏறக்குறைய நம் அட்சரேகையிலேயே இருக்கிறது. அங்கே வடதென்வாக்கில் பதினொரு டிகிரிச் சரிவுள்ள மலை ஒன்றைத் தேடிப் பிடித்தார்கள். அந்தச் சரிவில் படுத்த டெலஸ்கோப், மணிக்கு 15 டிகிரி என்று ஒரே அச்சில், ஒரே சீராகப் புரண்டால் போதும். வானத்தில் ஒரு புள்ளியை ஒன்பதரை மணிநேரம் விடாமல் பிடித்திருக்கும். ஐரோப்பாவில் இதற்கு ஐம்பது டிகிரிச் சரிவு வேண்டும். அதில் அரை கிலோமீட்டர் டெலஸ்கோப்பை யார் கட்டுவது? பணக்கார நாடுகளிடம் இல்லாத ஒன்று தமிழ்நாட்டு மலையில் இருந்தது.

நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். 24 பரவளைவுச் சட்டங்கள். அவற்றின் மேல், முனைக்கு முனை இழுத்துக் கட்டிய 1,100 துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள். ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லை. பிடிக்கும் அலையின் நீளம் 92 செ.மீ. என்பதால், கம்பிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி அலைக்குத் தெரியாது. முழுக் கண்ணாடியாக எண்ணித் திரும்பிவிடும். மலைக்காற்று மட்டும் இடைவெளி வழியே போய்விடும். கிழக்கு மேற்குக்கு மோட்டார். வடக்கு தெற்குக்கு ஒரு ஆணிகூட அசையாது: குவியக் கோட்டில் உள்ள 1,056 டைபோல் ஆன்டெனாக்கள் பிடிக்கும் அலையின் கட்டத்தை (phase) மின்னணு முறையில் மாற்றினால் பார்வை நகரும். கணினி அரிதாக இருந்த காலத்தில், கட்டுப்பாட்டில் பாதி வேலையை மலைச்சரிவிடம் ஒப்படைத்த மூளை அது. வடிவமைப்பும் கட்டுமானமும் இந்தியர்களுடையவை. 1966-லேயே பாபா விமான விபத்தில் இறந்துபோனார். 1970-ல் டெலஸ்கோப் வேலை செய்யத் தொடங்கியதை அவர் பார்க்கவில்லை.

நிலாவுக்காகக் கட்டியது சூரியனுக்கும் உதவியது. தொலைதூர ரேடியோ மூலங்களின் அலை சூரியக் காற்றின் வழியே வரும்போது மினுக்குகிறது என்று 1964-ல் கேம்பிரிட்ஜில் ஹூயிஷ் குழு காட்டியது. அந்த மினுக்கத்தை அளந்தால் காற்றின் வேகம் தெரியும். சூரியன் கக்கிய பிளாஸ்மா மேகம் வழியில் எங்கே இருக்கிறது என்பதும் தெரியும். நொடிக்கு முந்நூறு முதல் எண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும் அந்தக் காற்றை முத்தோரைக் கம்பிகள் எப்படிப் பிடித்தன என்பதை அடுத்த வாரம் விரிவாகப் பார்ப்போம். செயற்கைக்கோள்களையும் மின்கட்டமைப்புகளையும் சூரியப் புயலிடமிருந்து காக்கும் முன்னறிவிப்புக்கு ஊட்டி செய்த உதவி அங்கேதான் தொடங்குகிறது.

(தொடரும்)