வீட்டுத் திரையரங்குக் கணினி

வீட்டுத் திரையரங்குக் கணினி என்பது வரவேற்பறைத் தொலைக்காட்சியுடன் இணைத்துத் திரைப்படம், இசை முதலியவற்றை இயக்கப் பயன்படும் கணினி ஆகும். மேசைக் கணினியின் உறுப்புக்களே இதிலும் உள்ளன. எனினும் இது இரைச்சலின்றி இயங்குதல் வேண்டும். படத்தில் உரையாடல் தாழும்பொழுது மின்விசிறியின் ஓசை மேலெழுந்து கேட்கும்.

இரைச்சலும் செலவும்

இரைச்சலுக்கு மூலம் பெரும்பாலும் வெப்பமே. மிகுந்த மின்சாரத்தைப் பயன்படுத்தும் செயலி மிகுந்த வெப்பத்தை வெளியிடும். அதனை அகற்ற விசிறி விரைந்து சுழல வேண்டும். ஆகவே விலையுயர்ந்த குளிர்விப்பானை வாங்குவதைவிடக் குறைந்த மின்திறனுள்ள செயலியைத் தெரிவு செய்வதே சிக்கனமானது. நிகழ்படத்தைக் குறிவிலக்கும் பணியை வரைவியற் சில்லு ஏற்றுக்கொண்டால் அத்தகைய செயலியே போதும். ஆனால் எல்லாச் சில்லுகளும் எல்லாக் குறிமுறைகளையும் அறியா. எச்.264 குறிமுறையை மட்டும் அறிந்த பழைய சில்லில், 2013இல் வெளியான எச்.265 முறையில் அமைந்த படம் தடுமாறக்கூடும். பழைய கணினியை மலிவாக வாங்குவோர் இதனையே முதலில் பார்த்தல் நன்று.

80 மில்லிமீட்டர் விசிறி தள்ளும் காற்றை 120 மில்லிமீட்டர் விசிறி மெதுவாகச் சுழன்றே தள்ளிவிடும். சுழலும் வன்தட்டின் அதிர்வு பெட்டியின் தகட்டில் பரவி உறுமலாகும். இரப்பர் வளையங்களின் மேல் பொருத்தினால் தணியும். வன்தட்டை வேறு அறையிலுள்ள கணினியில் வைத்து, வலையமைப்பு வழியாகப் படம் பார்ப்பது இன்னும் நல்லது. காற்றோட்டமில்லாத அலமாரியினுள் பெட்டியை வைத்தால் இம்முயற்சிகள் யாவும் வீணாகும்.

மென்பொருள்

மைக்ரோசாப்ட் 2002இல் வெளியிட்ட மீடியா சென்டர், 2015இல் விண்டோசு 10 வந்தபோது கைவிடப்பட்டது. எக்சு-பாக்சு விளையாட்டுக் கருவிக்கென எழுதப்பட்ட திறந்த மூல மென்பொருள் ஒன்று, 2014இல் கோடி எனப் பெயர் மாற்றப்பட்டது. இது லினக்சிலும் இயங்குவதால் இயங்குதளத்துக்கும் பணம் தேவையில்லை.