நீலாம்பிகையம்மையாரும் இல்லத்துத் தமிழும்

தனித்தமிழியக்கம் என இன்று வழங்கப்பெறுவது புலவர் கூடிய பேரவையொன்றிற் பிறந்ததெனக் கருதுவாருமுளர். அதற்கு வித்து விழுந்தவிடம் பல்லாவரத்து இல்லமொன்றின் தோட்டமாம். அவ்வித்தினை இட்டவர் 13 அகவைச் சிறுமியாராவர்.

சைவத்திற்கும் தமிழிற்கும் ஒருங்கே உழைத்த வேதாசலனார், 1898 முதல் 1911 வரை சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்து, பின்னர்ப் பல்லாவரத்திற் குடியேறினார். 1916 ஆம் ஆண்டில் ஒருநாள், தம் மகளார் நீலாம்பிகையாருடன் தோட்டத்தில் உலாவுங்கால், இராமலிங்க அடிகளார் அருளிய பாட்டொன்றினை இசைத்தார். அதன்கண் 'தேகம்' என்னுஞ் சொல் வரக்கண்டு, அவ்விடத்து 'யாக்கை' என்றிருப்பின் ஓசையின்பம் இன்னுஞ் சிறக்குமென்றும், அயற்சொற்கள் புகப்புகத் தமிழ்ச்சொற்கள் வழக்கொழியுமென்றும் விளக்கினார். அங்ஙனமாயின் இனி நாமே அயற்சொல் விரவாது பேசலாகாதோ என்றார் மகளார். தந்தையார் கூறியது செய்யுட்பற்றிய நுண்ணாராய்ச்சி. மகளார் கருதியதோ நாள்தோறும் வீட்டிற் பேசும் பேச்சு. இவ்வேறுபாடு ஊன்றி நோக்கற்பாலது.

நாற்பதாண்டு பழகிய நாவினைத் திருத்துதல் எளிதன்று. எனினும் வேதாசலனார் மறைமலையடிகளாயினார். அவர்தம் 'ஞானசாகரம்' அறிவுக்கடலாயிற்று. சன்மார்க்க நிலையம் பொதுநிலைக் கழகமாயிற்று. முன்னெழுதிய நூல்களையும் மறுபதிப்புகளில் அவரே திருத்தினார்.

சைவருட் சிலர் இதற்குத் தடை நிகழ்த்தினர். திருமுறைகளில் வடசொற்கள் பயில்கின்றனவே. தொல்காப்பியனாரும் நால்வகைச் சொல்லுள் வடசொல்லை வைத்தனரே. 'சித்தாந்தம்' என்பதுதானும் வடசொல்லன்றோ என்பன அவர் வினாக்கள். இவை எளிதிற் றள்ளத்தக்கனவல்ல. ஆயின், ஆசிரியர் எச்சவியலில் அந்நால்வகையினையும் கூறியது செய்யுளீட்டுதற்குரிய சொல்லாகவேயாம். தண்ணீர் கேட்கும் பிள்ளை 'ஜலம்' எனக் கேட்டல் வேண்டுமென்பது அந்நூற்பாவின் கருத்தாதல் செல்லாது.

இளையோரிடத்து விருப்பமிருந்தும் சொல்லில்லாக் குறையே பெரிதாயிருந்தது. நன்றாய்ப் பேசத்தொடங்கிய மாணவன், இடையே தமிழ்ச்சொல் அறியாது மயங்கிப் பழைய சொல்லுக்கே மீளுவன். சென்னையிற் பெண்பள்ளியில் தமிழாசிரியையாயிருந்த அம்மையார் இவ்விடர்ப்பாட்டினை நேரிற் கண்டிருத்தல் கூடும். வடசொல்லை நிரல்படவைத்து அதற்கு நேரான தமிழ்ச்சொற் காட்டும் 'வடசொற்றமிழ் அகரவரிசை' அவர் தொகுத்ததே. கட்டுரைகள் பல எழுதினாரேனும், இளையோர்க்குப் பெரிதும் உதவியது இவ்வகரவரிசையென்றே கூறல்வேண்டும்.

நாளடைவில் நமஸ்காரம் வணக்கமாயிற்று. அக்கிராசனாதிபதி தலைவராயினார், பிரசங்கம் சொற்பொழிவாயிற்று, விவாக சுபமுகூர்த்தப் பத்திரிகை திருமண அழைப்பிதழாயிற்று. இவற்றை இன்று வழங்குவோர் ஒரு கொள்கையைக் கடைப்பிடிப்பதாகவே எண்ணுவதில்லை; அவை வீட்டுச்சொற்களாகிவிட்டன.

அம்மையார் 42 ஆண்டே வாழ்ந்து 1945 இல் மறைந்தனர். அடிகள் தம் மக்கட்பெயர்களையும் தமிழாக்கித் திருஞானசம்பந்தம் என்பதனை அறிவுத்தொடர்பு எனவும், மாணிக்கவாசகம் என்பதனை மணிமொழி எனவும் வழங்கினர். இயக்கத்திற்கு வித்திட்ட மகளாரின் பெயர்மட்டும், வடசொல்லாகிய அம்பிகையோடு கூடிய நீலாம்பிகை என்றவாறே அவர் நூல்களின் முகப்பில் நிற்கின்றது.