செல்வமும் கடனும்: ‘தி கிரீன் டீம்’ சித்திரத்தொடர் ஒரு மறுமதிப்பீடு

அமெரிக்காவின் டிசி காமிக்ஸ் நிறுவனம் 2013 மே மாதத்தில் தொடங்கி, 2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எட்டாம் இதழோடு நிறுத்திக்கொண்ட ‘தி கிரீன் டீம்’ என்னும் தொடர், பெருஞ்செல்வர் வீட்டுப் பதின்பருவத்தினரைச் சூப்பர் ஹீரோக்களாக, அதாவது மனித இயல்பைக் கடந்த வல்லமையோடு இயங்கும் கதைத்தலைவர்களாக, நிறுத்த முயன்றது. எட்டு இதழ்களில் முடிந்த தொடரை விற்பனைத் தோல்வி என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆயினும் அதன் அமைப்பை நோக்கினால், செல்வம் என்னும் பொருளைக் கதைகள் எவ்வாறு கையாள்கின்றன என்ற கேள்விக்கு அது தெளிவான எதிர்மறைச் சான்றாக விளங்குவது புலப்படும். செல்வம் பிறருக்குத் திருப்பித் தரவேண்டிய கடனாக உணரப்படும்போதுதான் கதையில் வல்லமையாக மாறுகிறது என்பதும், வாங்கும் சக்தியாக மட்டுமே நின்றுவிடும் செல்வத்திலிருந்து நாயகர் உருவாவதில்லை என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

இத்தொடருக்கு ஒரு முன்வரலாறு உண்டு. ஒவ்வோர் இதழிலும் வேறொரு நாயகரையோ குழுவையோ முன்னிறுத்தி டிசி நடத்திய ‘ஃபர்ஸ்ட் இஷ்யூ ஸ்பெஷல்’ என்னும் வரிசையின் இரண்டாம் இதழாக, 1975இல் ‘சிறுவர் கோடீஸ்வரர்கள்’ என்ற அடைமொழியோடு கிரீன் டீம் முதன்முதலில் வெளிவந்தது. ஜாக் கிர்பியோடு சேர்ந்து கேப்டன் அமெரிக்காவை உருவாக்கிய ஜோ சைமன் கதை எழுத, ஜெர்ரி கிராண்டனெட்டி படம் வரைந்தார். குழுவில் சேர விரும்பும் சிறுவனிடம் பத்து லட்சம் டாலர் இருக்கவேண்டும் என்பதே நுழைவு விதி. பச்சை நிறச் சீருடையின் பைகளில் பணத்தை வைத்துக்கொண்டு, சாகசத்துக்கு இடமளிக்கும் எந்த முயற்சிக்கும் அள்ளிக்கொடுப்பதே அவர்களது தொழில். செருப்புக்கு மெருகிடும் ஏழைச் சிறுவனான அப்துல் ஸ்மித், வங்கிக் கணினியின் பிழையால் தன் கணக்கில் சேர்ந்த பெருந்தொகையைக் கொண்டு அக்குழுவுக்குள் நுழைகிறான். அடுத்து எழுதப்பட்ட இரு கதைகள் முறையான இதழாக அச்சேறவில்லை. கைவிடப்பட்ட கதைகளின் பதிப்புரிமையைக் காப்பதற்காக 1978இல் சில படிகள் மட்டும் எடுக்கப்பட்ட தொகுப்பில் அவை இடம்பெற்றன.

அப்துல் ஸ்மித்தின் நிகழ்ச்சி இங்குச் சற்று விரிவாக நோக்கத்தக்கது. பிறருடைய பணம் தவறுதலாகத் தன் கைக்கு வந்திருக்கிறது என்ற நிலை, கடன் என்னும் கருத்துக்கு மிக அருகில் நிற்கிறது. எளியவன் ஒருவன் எந்திரத்தின் பிழையால் செல்வர் குழாத்துக்குள் நுழைவது, அக்குழாத்தின் தகுதி விதியையே நகைப்புக்கு உள்ளாக்கும் ஆற்றல் உடையது. சைமனின் கதையில் உயிரோட்டம் மிகுந்த பகுதி இதுவே. எனினும் பிழை நல்லூழாக மாறியதும் கதை நிறைவுகொண்டு, அச்சிறுவனை மற்ற மூவரைப்போன்ற நான்காமவனாக ஆக்கிவிட்டு வேறு சாகசத்துக்கு நகர்ந்துவிடுகிறது.

2013ஆம் ஆண்டுப் பதிப்பு வேறொரு சூழலில் பிறந்தது. 2011 செப்டம்பரில் நியூயார்க்கில் தொடங்கிய ‘வால் ஸ்ட்ரீட்டை ஆக்கிரமிப்போம்’ இயக்கம், ஒரு விழுக்காட்டுச் செல்வர் எதிர் தொண்ணூற்றொன்பது விழுக்காட்டு மக்கள் என்ற பாகுபாட்டைப் பொதுப்பேச்சில் நிலைநிறுத்தியிருந்தது. இதைப் பயன்படுத்த எண்ணிய நிறுவனம், எளியோர் தரப்புக்குக் கெயில் சிமோன் எழுதிய ‘தி மூவ்மென்ட்’ தொடரையும், செல்வர் தரப்புக்கு ஆர்ட் பால்டசார், ஃபிராங்கோ ஆகியோர் எழுதி இக் குவாரா வரைந்த ‘தி கிரீன் டீம்’ தொடரையும் இணையாக வெளியிட்டது. முன்னதன் முதல் இதழில், அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தும் காவலர்களை முகமூடி அணிந்த மக்கள் சூழ்ந்து கைப்பேசியில் படம்பிடிக்கின்றனர். பின்னதன் முதல் இதழில், கண்டுபிடிப்பாளர்கள் தம் படைப்புகளைக் காட்சிக்கு வைக்க, எதில் முதலிடலாம் என்று செல்வர் வீட்டு இளைஞர்கள் பார்வையிடுகின்றனர். முதற்காட்சியில் எவரும் இழப்புக்கு உள்ளாகலாம்; இரண்டாவதில் நாயகர்கள் இழப்பதற்கு ஒன்றுமில்லை. தடைகளை விலைக்கு வாங்கிவிடக்கூடியவருக்கு எந்தத் தடையும் தடையாக இராது என்பதால், இரண்டாம் தொடரின் பதற்றம் வெளியிலிருந்து வரும் தாக்குதல்களையே நம்பியிருக்க நேர்ந்தது.

இவ்வாதத்துக்கு மறுப்பாகச் செல்வ நாயகர் சிலரைக் காட்டலாம். 1939இல் தோன்றிய பேட்மேனும் 1963இல் தோன்றிய அயர்ன் மேனும் பெருஞ்செல்வர்களே. ஆனால் கண்ணெதிரே கொலையுண்ட பெற்றோருக்குத் தான் பட்ட கடனைத் தீர்க்கவே பேட்மேன் தன் செல்வத்தைச் செலவிடுகிறான். அயர்ன் மேனின் கவசமோ, நெஞ்சில் பாய்ந்த வெடிச்சிதறல் உயிரைப் போக்காமல் தடுப்பதற்காகச் செய்யப்பட்டது; வாங்கும் சக்தியின் வெளிப்பாடு அன்று. 1953இல் அறிமுகமாகிப் பல்லாண்டு நீடித்த ரிச்சி ரிச் வலுவான மறுப்பாகத் தோன்றினும், அவன் நகைச்சுவை உலகைச் சேர்ந்தவன். நாய்க்கும் டாலர் என்றே பெயரிட்டிருக்கும் அவ்வுலகில் செல்வம் மிகைப்படுத்திச் சிரிக்கவைக்கும் பொருளேயன்றி ஆற்றல் அன்று. மார்வெல் நிறுவனத்துக்காக 2003இல் பிரையன் கே. வான், ஏட்ரியன் அல்ஃபோனா ஆகியோர் படைத்த ‘ரன்அவேஸ்’ தொடர் இன்னும் நெருங்கிய சான்று. வசதியான வீட்டுப் பதின்பருவத்தினர், தம் பெற்றோர் மறைவாக நடத்தும் கொடுஞ்செயல்களைக் கண்டு வீட்டைத் துறந்து ஓடுவதில் அத்தொடர் தொடங்குகிறது. தாம் அனுபவித்த வாழ்வின் விலையை வேறு எவரோ கொடுத்திருக்கிறார்கள் என்ற அறிவே அவர்களை நாயகராக்குகிறது.

செல்வத்தைக் கடனாகக் காணும் இப்பார்வை தமிழ், தெலுங்கு மரபுகளுக்குப் புதியதன்று. சித்தூரிலிருந்து புத்தலப்பட்டு வழியாகத் திருப்பதி வரையுள்ள நிலப்பகுதியில் இருமொழி மக்களும் அறிந்த கதை, பத்மாவதியை மணப்பதற்காகச் சீனிவாசன் குபேரனிடம் கடன் வாங்கினான் என்பதும், கலியுகம் முடியும்வரை அதற்கு வட்டி செலுத்துகிறான் என்பதுமாகும். திருமலை உண்டியலில் அடியார் இடும் காணிக்கை அவ்வட்டிக்கே போகிறது என்பது நம்பிக்கை. உலகின் பெருஞ்செல்வக் கோயில்களுள் ஒன்றின் தலைவனையே கடனாளியாகக் காட்டும் இக்கற்பனை, குவிந்த பொருளுக்கு ஒரு கணக்கு உண்டு என்பதை வலியுறுத்துகிறது.

சிலப்பதிகாரம் இக்கருத்தைக் காப்பிய அளவில் நிறுவுகிறது. புகார் நகரின் பெருவணிகர் மாசாத்துவானின் மகன் கோவலனுக்கு 16 வயது. மாநாய்கன் மகள் கண்ணகிக்கு 12 வயது. அவர்களது மணச்செய்தியை யானைமேல் அமர்ந்த மகளிர் நகர மக்களுக்கு அறிவிக்கின்றனர். இத்தகைய செல்வ இளையோரை அறிமுகம் செய்த காப்பியம், அச்செல்வத்தைக் கரையவிட்டு, எஞ்சிய சிலம்பு ஒன்றை மட்டும் கண்ணகியின் கையில் நிறுத்துகிறது. அரசியின் சிலம்பில் முத்தும் கண்ணகியின் சிலம்பில் மாணிக்கமும் இருந்த வேறுபாடு, ஒரு காலத்தில் செழிப்பின் அணியாக இருந்த பொருளை நீதியின் சான்றாக மாற்றுகிறது. கொலையுண்ட கணவனுக்காக அரசிடம் அவள் கேட்பதும் தீர்க்கப்படாத கணக்கையே. மதுரையை எரிக்கும் வல்லமை அவளுக்கு வாய்ப்பது அதற்குப் பின்னரே.

ஒரு தொடரின் ஆயுளை மட்டும் வைத்து அதன் தரத்தை அளக்க இயலாது என்பதையும் இங்குக் குறிப்பிடவேண்டும். ‘தி மூவ்மென்ட்’ தொடரும் 12 இதழ்களோடு நின்றது. உதவித்தொகையில் மும்பைப் பள்ளியில் சேர்ந்து, வசதி படைத்த மாணவரின் கேலிக்கு ஆளாகும் கிராமத்துச் சிறுவன் பவித்ர் பிரபாகரை நாயகனாகக் கொண்டு 2004இல் தொடங்கிய ‘ஸ்பைடர்-மேன் இந்தியா’வும் 4 இதழ்களில் முடிந்தது. ஆயினும் பவித்ர் பிற்காலத் தொடர்களிலும் 2023ஆம் ஆண்டின் அனிமேஷன் திரைப்படத்திலும் மீண்டும் எடுத்தாளப்பட்டான். யோகி ஒருவர் அளித்த வல்லமைக்கு அவன் பொறுப்பேற்றாக வேண்டியிருப்பதால், அவனைக் கொண்டு மேலும் கதை சொல்ல இடமிருந்தது.

எனவே ‘தி கிரீன் டீம்’ தொடரின் குறை, செல்வரைத் தேர்ந்தெடுத்ததில் இல்லை. இணைத்தொடரில் தெருவில் நின்றவர்களுக்கும் தம் நாயகருக்கும் இடையே ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கக்கூடும் என்ற எண்ணத்தைத் தன் கதையின் மையமாக அது கொள்ளவில்லை. இரு தொடர்களையும் ஒரே மாதத்தில் தொடங்கிய நிறுவனம், அவ்விரண்டுக்கும் இடையிலான கணக்கைக் கதையாக்கியிருந்தால், 1975இல் அப்துல் ஸ்மித்தோடு எழுந்து நின்றுபோன கேள்விக்கு விடை தேடும் வாய்ப்பேனும் கிடைத்திருக்கும்.